தாண்டுகல்லில் ஒடிந்த குழாய்

“உங்க அண்ணன் ஆளுங்க பண்ணின காரியத்தை முதல்ல பாருங்க. அப்புறம் என்னைக் கேள்வி கேட்கலாம்.”

தாமோதரன் தன் கைத்தடியால் வண்டியின் அடிப்பக்கத்தைக் காட்டினார். மதராஸ் கம்பெனி ஒன்று கொல்லி மலையில் அலுமினியக் கல் எங்கே கிடைக்கும் என்று பார்த்து வர அனுப்பிய இன்ஜினீயர் அவர். ஜீப்புக்குப் பின்னால் கட்டி இழுத்து வந்த அந்த டிரெய்லருக்குள் கட்டில் இருந்தது, அடுப்பு இருந்தது, கக்கூஸும் இருந்தது. அரியூர் நாட்டு ஜனங்கள் அதற்குச் ‘சக்கர ஊடு’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

“எங்க அண்ணனுக்கு ஆள் வெச்சு உடைக்கிற பழக்கம் கிடையாது,” என்றேன். “உடைக்கணும்னா பகல்ல வந்து சொல்லிட்டு உடைப்பார்.”

“ஓகோ! சாமி சிலையையும் சொல்லிட்டுத்தான் எடுத்தாரா?”

ஓங்கி அறைந்திருப்பேன். முப்பது வருடம் போலீசில் இருந்து சப் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன் நான். கையை அடக்கத் தெரியும்.

சோலையாயி அம்மனின் ஐம்பொன் சிலை காணாமல் போய்விட்டது. முழ உயரம், இரண்டு ஆள் தூக்கும் கனம். அது இருந்த சோலைக்குள் பட்டக்காரர் குடும்பத்துக் கால் மட்டுமே படலாம். என் அண்ணன் காளியண்ணன்தான் பட்டக்காரர், அரியூர் நாட்டு ஊர்களுக்கெல்லாம் தலைவர். ஆகவே திருட்டும் எங்கள் வீட்டுத் திருட்டுத்தான் என்று சோலைக்குள் போகும் உரிமை இல்லாத தூரத்துப் பங்காளி சின்னான் ஊரெல்லாம் சொல்லிவிட்டான். உச்சிப் பொழுதுக்கு நாட்டுக்கூட்டம். அதற்குள் பதில் சொல்லாவிட்டால் அண்ணனின் தலைப்பாகையைக் கூட்டத்தில் வைத்து இறக்கிவிடுவார்கள். அந்தத் தலைப்பாகை எங்கள் பாட்டன் பூட்டன் தலையில் இருந்தது. நான் பென்ஷன் வாங்கிக்கொண்டு சேந்தமங்கலத்தில் சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா? மலையேறி வந்துவிட்டேன்.

“ஜாபர்,” என்றேன்.

“புரியுதுங்கய்யா. அடியில போறதுக்குத்தானே என்னைக் கூட்டிட்டு வந்தீங்க.” ஜாபர் உசேன் துண்டை விரித்து மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நுழைந்தான். சர்வீசில் எனக்கு ஜீப் ஓட்டியவன். எத்தனையோ பேரை சஸ்பெண்ட் செய்திருக்கிறேன். இவன் வாயை மட்டும் என்னால் சஸ்பெண்ட் செய்ய முடிந்ததில்லை.

“என்ன இருக்கு?”

“இருக்கறதை விட இல்லாததுதாங்க அதிகம். கக்கூஸ் தொட்டியில இருந்து தார் பூசின ஒரு குழாய் இறங்கிப் பின்னால போயிருக்கு. பாதியில ஒடிஞ்சு போச்சு. மிச்சம் நிக்கற துண்டே தரையில இருந்து ஒரு சாண்தான். அச்சுக்கும் கீழ தொங்குது. இந்த வண்டியைச் செஞ்சவன் மலையைப் படத்துல கூடப் பாத்திருக்க மாட்டான்.”

“கடப்பாரையால அடிச்சிருக்காங்க,” என்றார் தாமோதரன். “கழிவுத் தண்ணி வயல் பக்கம் போகுதுன்னு பட்டக்காரர் என்கிட்ட சண்டைக்கு வந்தாரு. ஊரே பாத்துச்சு. அந்தக் கோபம். இந்த வண்டி வந்த நாளா இந்த இடத்தை விட்டு அசையலை. ராத்திரி வந்து அடிச்சுட்டுப் போயிட்டாங்க. இப்ப நான் சேலம் போய் ரிப்பேர் பண்ணியாகணும். ரோட்டுல சரிஞ்ச மண்ணை இன்னிக்குக் காலையிலதான் எடுத்தாங்க. நான் கிளம்பறேன்.”

“ஐயா,” என்று அடியிலிருந்து குரல் வந்தது. “கடப்பாரையால அடிக்கறவன் எங்க நின்னு அடிப்பான்?”

“பக்கவாட்டுல.”

“அப்படின்னா குழாய் பக்கவாட்டுலதானே வளையணும்? இது முன்னால இருந்து பின்னால மடங்கியிருக்குது. அடிச்சவன் ஜீப்புக்கும் வண்டிக்கும் நடுவுல படுத்துக்கிட்டு அடிச்சானா? அவ்வளவு ஒல்லியான ஆளு இந்த ஊர்ல யாருங்க?”

தாமோதரன் முகம் சிவந்தது. நான் தரையைப் பார்த்தேன். மண் காய்ந்து கிடந்தது. உடைந்த துண்டைக் காணவில்லை. கழிவுத் தொட்டியின் குழாய் உடைந்தால் உள்ளே இருப்பது கொட்ட வேண்டும். ஒரு சொட்டு கொட்டிய தடம் இல்லை, நாற்றமும் இல்லை.

அந்த நேரம் பார்த்து ராமாயி வந்து சேர்ந்தாள். இடுப்பில் குடம், கையில் ஆட்டுக் கயிறு. தாமோதரனுக்குத் தண்ணீர் கொண்டு வந்து கொடுப்பவள் அவள்தான்.

“ஏனுங்க சாமி, குழாய் போச்சுன்னு இந்தத் தொரை மட்டுந்தான் அழுவாரா? என் ஆட்டைக் கட்ட எடமில்லாம நானும் அழுவறனுங்க.”

“ஆட்டை அதுலயா கட்டுன?”

“தண்ணி கொண்டாரப்பெல்லாம் அதுலதானுங்க கட்டுவேன். சந்தையன்னைக்கு வெடியால நேரத்துலகூடக் கட்டினேன். என்னைய அந்த வசவு வைதாரு! சந்தைக்குப் போயிட்டு அந்தியில வந்து பாத்தா குழாயக் காணோம்.”

சந்தை நாளில் அரியூர் நாட்டில் கிழடு கட்டைகளைத் தவிர ஒருவரும் இருப்பதில்லை. மரவள்ளிக்கிழங்கைத் தலையில் வைத்துக்கொண்டு எல்லோரும் சோளக்காட்டுச் சந்தைக்கு நடந்துவிடுவார்கள். குழாய் ஒடிந்தது அந்தப் பகலில். சிலை இல்லை என்று தெரிந்தது மறுநாள் காலையில்.

“ராத்திரின்னீங்களே?” என்று தாமோதரனைக் கேட்டேன்.

“எனக்கு எப்படித் தெரியும்? நான் கல்லு பாக்கப் போயிருந்தேன்.”

ஜாபர் வெளியே வந்து சட்டையைத் தட்டினான். “ஏம்மா, தினமும் எத்தனை குடம் தண்ணி?”

“ஒண்ணுதானுங்க. சந்தைக்கு ரெண்டு நாளு முந்தி மட்டும் குடம் குடமா கொண்டாரச் சொல்லி, உள்ளாற கக்கூஸைக் கழுவு கழுவுன்னு கழுவினாரு. கழுவினவரு அதுல போவலாமில்ல? அதுதான் இல்லை.” ராமாயி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “அன்னையிலிருந்து சொம்பைத் தூக்கிக்கிட்டு எங்களையாட்டமே பாறைக்குப் பின்னால போறாருங்க. ஊட்டுக்குள்ளயே வச்சிருந்து என்ன பிரயோசனம்?”

“குழாய் உடைஞ்ச கக்கூஸை எவன் உபயோகிப்பான், முட்டாளே!” என்று தாமோதரன் கத்தினார்.

“அவ சொன்னது உங்க காதுல விழலை,” என்றேன். “குழாய் உடையறதுக்கு முன்னாடியே நீங்க பாறைக்குப் போக ஆரம்பிச்சுட்டீங்க.”

அவர் ஜீப்பில் ஏறினார். சட்டைப் பையைத் துழாவினார். இருக்கைக்கு அடியில் துழாவினார்.

“சாவியா?” என்றான் ஜாபர். “வண்டியிலயே விட்டுட்டுப் போறது தப்புங்க சார். இந்த ஊர்ல திருட்டு ஜாஸ்தின்னு நீங்கதானே சொன்னீங்க? பத்திரமா என்கிட்ட இருக்கு.”

சக்கர ஊடு நின்ற மந்தையிலிருந்து சக்கரம் போகும்படியான தடம் மூன்றுதான் பிரிகிறது. ஒன்று மலையிறங்கும் ரோடு. ஒன்று குண்டனி நாட்டுக்குப் போகும் மண் பாதை. இரண்டும் மட்டமானவை, வழியில் குழாயைத் தட்டும்படி ஒன்றும் கிடையாது. மூன்றாவது, சோலைக்குப் போகும் தடம். அதில் நாங்கள் நடந்தோம்.

“ஜீப்புக்கு அடிவயிறு ஒரு சாணுக்கு மேல இருக்குங்க,” என்று ஜாபர் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். “சக்கர ஊட்டுக்கும் அச்சு ஏறக்குறைய அதே உயரம். ஓட்டறவன் என்ன நினைப்பான்? முன்னால போறது தாண்டிடுச்சு, பின்னால வர்றதும் தாண்டிடும்னு. அடியில தொங்கற குழாயை நினைக்க மாட்டான். ஜீப்பு ஒட்டகமுங்க. பின்னால வர்றது வாத்து.”

“ஒரு சாண் உயரத்துல நடுத்தடத்துல நிக்கற ஒண்ணுதான் அதை ஒடிச்சிருக்கும்.”

“இந்த வழியில அப்படி ஏதாச்சும் இருக்குங்களா?”

நான் நடையை எட்டிப் போட்டேன். இருக்கிறது. எனக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து தெரியும்.

சோலையின் வாயில் தடத்தின் நடுவே தாண்டுகல் நின்றது. ஒரு சாண் உயரக் கருங்கல். நாள் தவறாமல் மஞ்சள் பூசுவோம்; சிலை காணாமல் போன பிறகு பூசை நின்றுவிட்டது. மற்றக் குடிகள் அந்தக் கல்லுக்கு முன்னால் கும்பிட்டுத் திரும்பிவிடுவார்கள். பட்டக்காரர் ரத்தம் மட்டும் அதைத் தாண்டிப் போகும். அதற்கும் ஒரு முறை உண்டு. கல்லை வலப்பக்கம் விடக் கூடாது, இடப்பக்கமும் விடக் கூடாது. இரண்டு காலுக்கும் நடுவில் விட்டுத் தாண்ட வேண்டும். அம்மன் சப்பரம் வரும்போதும் சுமக்கும் நாங்கள் இரண்டு பக்கமும் பிரிந்து, கல் நடுவில் வரும்படிதான் தூக்கிப் போவோம். மாறிப் போனால் குலம் அறும் என்பது எங்கள் வீட்டில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும்.

கல்லின் தலையில் மஞ்சள் வழிக்கப்பட்டிருந்தது. அந்த இடத்தில் கறுப்புத் தார்ப் பெயின்ட் ஒட்டியிருந்தது.

“நீ இங்கேயே நில்லு,” என்று ஜாபரிடம் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி, முறைப்படி தாண்டி உள்ளே போனேன். தடத்தோரம் உண்ணிச்செடிப் புதருக்குள் குழாய்த் துண்டு கிடந்தது. காலால் எத்தித் தள்ளியிருக்கிறார்கள். எடுத்துத் திருப்பினேன். அடிபட்ட முனையில் மஞ்சள்.

“ஆகா!” என்றான் ஜாபர். “குழாய்க்கே பூசை பண்ணியிருக்காங்க! கிடைச்சாச்சுங்கய்யா. மஞ்சள் குழாய்ல, தார் கல்லுல. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? உங்க அண்ணன் தலைப்பாகை தப்பிச்சுது.”

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. கீழே பார்த்தான். ஈரத்தில் பதிந்து காய்ந்த சக்கரத் தடங்கள் கல்லுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக நேராகப் போயிருந்தன. அவன் இரு பக்கமும் கையை விரித்துக் காட்டினான்.

“ஏனுங்கய்யா, ரெண்டு பக்கமும் புல்லுத் தரை. லாரியே ஒதுங்கிப் போகலாம். நான் ஓட்டியிருந்தா கல்லை ஓரமா விட்டுட்டுப் போயிருப்பேன். திருட வந்தவன் எதுக்கு இத்தனை பாடுபட்டு, அளவெடுத்த மாதிரி, கல்லை நட்டநடுவுல விட்டு ஓட்டினான்?”

நான் குழாயைத் துண்டில் சுற்றினேன்.

“அய்யா, நான் கேட்டது…”

“காதுல விழுந்துச்சு.”

“அப்படின்னா அந்த ஜீப்புல பக்கத்துல உக்காந்து வழி சொன்னது…”

“ஜாபர். கூட்டத்துல குழாயைப் பத்திப் பேசுவோம். தொட்டியைப் பத்திப் பேசுவோம். சக்கரத் தடத்தைப் பத்தி யாரும் கேட்கலை.”

“நான் கேட்டனுங்களே?”

“நீ யாரும் இல்லை.”

என்னோடு இருந்த காலத்தில் அவன் வாயடைத்து நின்றதை நான் பார்த்தது அப்போதுதான். திரும்பி நடந்தோம். எங்கள் வீட்டில் ரத்தம் என்று சொல்ல மூன்று பேர்தான். என் மகன் திருச்சியில் வேலையில் இருக்கிறான். நான் சேந்தமங்கலத்தில் இருந்தேன். மூன்றாவது ஆளின் பெயரை நான் மனதுக்குள்கூடச் சொல்லிப் பார்க்கவில்லை.

மந்தையில் பலா மரத்தடியில் நாடு கூடியிருந்தது. அண்ணன் கல்மேடையில் உட்கார்ந்திருந்தார். எழுபது வயதிலும் முதுகு சாயாமல் இருந்தார். வெள்ளைத் தலைப்பாகை புதிதாகக் கட்டியது போல் இருந்தது. என்னைக் கண்டதும் அவர் முகம் சுருங்கியது.

“உன்னை எவண்டா வரச் சொன்னான்? போலீசுக்காரன் புத்தி மலைக்கு வேண்டாம். போ கீழே.”

“போறேன், அண்ணா. சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டுப் போறேன்.”

“தம்பி வந்து காப்பாத்தற பட்டம்!” என்று சின்னான் உரக்கச் சொன்னான். “சோலைக்குள்ள போறது உங்க கால் மட்டுந்தானே? உங்க கால்தானே திருடியிருக்கும்? இதுல துப்பறிய என்ன இருக்குதுங்க?”

கூட்டம் முணுமுணுத்தது. தாமோதரன் டிரெய்லரின் கதவில் முதுகை வைத்து நின்றுகொண்டிருந்தார். நான் துண்டைப் பிரித்தேன்.

“இந்த வண்டி அசையவே இல்லைன்னு இந்தத் தொரை சொல்றார். அசையாத வண்டியோட குழாய் தாண்டுகல்லுக்கு அந்தப் பக்கம் கிடந்துச்சு. அதுல ஒட்டியிருக்கறது நம்ம மஞ்சள். சின்னான், நீயே பாரு.”

சின்னான் வாங்கிப் பார்த்தான். முகர்ந்தான். அவன் வாயிலிருந்து வந்த வசவு தாமோதரனுக்கு. கூட்டம் ஒரே ஆளாய் எழுந்தது. சிலர் கையில் தடி ஏறிவிட்டது.

“நில்லுங்க!” என்றேன். “சாமி எங்கேன்னு தெரிய வேண்டாமா? குழாய் உடைஞ்சும் ஒரு சொட்டு ஒழுகலை. குழாய் உடையறதுக்கு முன்னாடியே தொட்டியைக் கழுவிக் காய வெச்சிருக்கார். கக்கூஸ் தொட்டியைக் காய வெக்கிறவன் அதுல வேற ஏதோ வெக்கப் போறான்.”

“அது கக்கூஸ்!” என்று தாமோதரன் அலறினார். “மலம் போற தொட்டி! பட்டக்காரர் வீட்டுக் கை அதுல படலாமா? தீட்டு இல்லையா?”

அந்த ஒன்றை நம்பித்தான் அவர் இவ்வளவு தூரம் தைரியமாக இருந்திருக்கிறார். தடி பிடித்தவர்கள்கூட ஒரு அடி பின்வாங்கினார்கள்.

“விலகுங்க சார்,” என்று ஜாபர் ஸ்பானருடன் முன்னால் வந்தான். “போலீஸ் ஸ்டேஷன் கக்கூஸைப் பாத்தவன் நான். எனக்கு இதெல்லாம் ஜவ்வாது.”

உள்ளே இரும்பு சத்தம் கேட்டது. புது போல்ட் ஒவ்வொன்றாக வெளியே வந்து விழுந்தது. பிறகு கோணிச் சாக்கில் சுற்றிய கனமான ஒன்றை ஜாபரும் இரண்டு ஆட்களும் மூச்சு வாங்க இறக்கி வைத்தார்கள். சாக்கை விலக்கினேன். சோலையாயியின் முகம் வெயிலில் தெரிந்தது.

பெண்கள் குலவையிட்டார்கள். சின்னான் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டு எழுந்தான். “பட்டக்காரரே, குத்தம் என்னோடது. நாக்கு தப்பிப் போச்சு, பொறுத்துக்கோணுங்க,” என்றான்.

“கேளுங்கடா!” என்று தாமோதரன் கத்தினார். “என் ஜீப்புல யார் உக்காந்து வழி காட்டினாங்கன்னு உங்க பட்டக்காரரைக் கேளுங்க!”

“பொய்யன்!” “நாக்கை அறுங்கடா!” அவர் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. எனக்கு அது போதும். ஜாபர் என்னையே பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அண்ணன் மேடையை விட்டு இறங்கி வந்தார். அவர் அம்மனைப் பார்க்கவில்லை. ஜாபர் கழற்றிப் போட்டிருந்த பீங்கான் கோப்பையைப் பார்த்தார். திறந்து கிடந்த தொட்டியை எட்டிப் பார்த்தார்.

“இதுக்குள்ளயா?” என்றார். “கட்டில் மேல பட்டு விரிச்சுத்தான் கொண்டு போவேன்னு என்ர கையில அடிச்சுச் சத்தியம் பண்ணினயேடா! ஆயாளைப் பீத்தொட்டியிலயாடா வெச்ச?”

குலவை நின்றது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சின்னான்தான் முதலில் பேசினான். “பட்டக்காரரே… என்ன சொன்னீங்க?”

“சொன்னது சொன்னதுதான்.” அண்ணன் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். “கல்லு தோண்ட வாராங்க. மலையை வெட்டி லாரியில ஏத்தப் போறாங்க. சோலையும் கம்பெனி போட்ட மலைப் படத்துல இருக்குது. சாமியைக் குடுத்தா படத்துல இருந்து சோலையை அடிச்சுர்றேன்னு இவன் சொன்னான். சாமி போனா வேற வார்த்துக்கலாம். மலை போனா எவன் வார்ப்பான்? நாந்தான் கூட்டிட்டுப் போனேன். நாந்தான் கையைப் புடிச்சுத் தூக்கிக் குடுத்தேன்.”

“நாட்டைக் கேட்டிருக்கலாமே, அண்ணா,” என்றேன்.

“ஒவ்வொண்ணுக்கும் நாட்டைக் கேக்கறதுக்குப் பட்டக்காரன் எதுக்குடா?”

தாமோதரன் அந்த வேளையிலும் சிரித்தார். “சோலையை அடிக்கறதா? அந்தப் படத்துல ஒரு கோடு போடற அதிகாரம் எனக்கு இருந்தா நான் ஏன் கக்கூஸ் வண்டியில சுத்தறேன்?”

ஜாபர் அவர் பிடரியைப் பிடித்து ஜீப்பில் ஏற்றினான். “வாங்க சார், சேந்தமங்கலம் ஸ்டேஷனுக்குப் போவோம். அங்க இருக்கற கக்கூஸ்ல எதையும் ஒளிக்க முடியாது. கதவே கிடையாது.”

ஒருவரும் சிரிக்கவில்லை. அண்ணன் ஜீப்பை நோக்கி நடந்தார். நான் குறுக்கே போனேன்.

“நீங்க எங்கே?”

“எடுத்தவனுக்கு ஸ்டேஷன், குடுத்தவனுக்கு ஊடா? நீ போலீசுக்காரன்தானே? விலகு.”

“அப்படியே ஏறக் கூடாதுங்க,” என்றான் சின்னான். மிரட்டலாக இல்லை, ஆனால் உறுதியாகச் சொன்னான். “பட்டத்தோட ஸ்டேஷனுக்குப் போனா அது நாட்டுக்குத் தலைகுனிவு.” அவன் கை அண்ணன் தலையை நோக்கி நீண்டது.

நான் அந்தக் கையைப் பிடித்து இறக்கினேன். “இதுல உன் கை படாது.”

“அப்ப யாருங்க எடுக்கறது?”

“எங்க ஊட்டுத் தலைப்பாகை. எங்க கைதான் இறக்கும்.”

அண்ணன் முன்னால் போய் நின்றேன். அவருக்கு என்னை விட ஒரு தலை உயரம் அதிகம். முடிச்சு பின்னந்தலையில் இருந்தது. கையை உயர்த்தினேன். விரல் நுனி முடிச்சைத் தொட்டது, பிடிக்க முடியவில்லை. நாடே பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொரு முறை எட்டினேன்.

“குட்டைப் பயலே,” என்றார் அண்ணன், எனக்கு மட்டும் கேட்கும்படி.

பிறகு எனக்குக் கை எட்டும் வரை தலையைத் தாழ்த்தினார்.